இன் ஸ்பைட் ஆஃபும் பென்சிலினும்

என் மனைவிக்கு ஆங்கிலம் வராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. தனியார் மருத்துவமனை ஒன்றில் பல ஆண்டுகளாக வார்டு நர்ஸாக இருக்கிறாள். டாக்டர் வேகமாகச் சொல்வதைப் பிழையில்லாமல் குறித்துக்கொள்வாள். அயர்லாந்தில் வேலைக்குப் போவதற்கான ஆங்கிலத் தேர்வில் கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் தேறிவிட்டாள். எழுதுவதில் மட்டும் இரண்டு முறை தவறிவிட்டது. வயது ஏறினால் அங்கே எடுக்க மாட்டார்கள், இந்த முறையோடு சரி என்று ஏஜென்ட் சொல்லிவிட்டார்.

எழுதுவது என்றால் ஒரே ஒரு கடிதம்தான். ஒரு நோயாளியின் விவரக் குறிப்புகளைத் தருவார்கள். அவரை அடுத்துக் கவனிக்கப்போகிறவருக்கு எல்லாவற்றையும் தெரிவித்து எழுத வேண்டும். அவள் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதுவாள். நோயாளி குளியலறையில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. இப்படி. பயிற்சி வகுப்பிலிருந்து திருத்தி அனுப்பும் தாளில் ஒவ்வொரு முறையும் ஒரே குறிப்புதான் இருக்கும்: வாக்கியங்களை இணைத்து எழுதவும், கூட்டு முன்னிடைச் சொற்களையும் முற்றுப்பெறாத வினைகளையும் பயன்படுத்தவும்.

நான் அழைப்பிதழ் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன். கல்யாணப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் வருகிறவர்களில் பலர் பத்திரிகையையும் எங்களிடமே அடித்துக்கொண்டு போவார்கள். ஆங்கிலப் பக்கத்தில் ஒரு கமா இடம் மாறினாலும் என் கண் அங்கே போய் நிற்கும். அதனால் வீட்டில் இலக்கண வாத்தியார் வேலை என்மேல் விழுந்தது. விஷயம் தெரிந்த அச்சக முதலாளி விடவில்லை.

"இன்னாப்பா, வீட்லயே டியூசனா? அண்ணிய ஏரோப்ளேன் ஏத்தி வுட்டுட்டு செவிலிமேட்ல நீ தனியா உப்புமா கிண்டிக்கினு இருக்கப்போற, பாரு."

"கிண்டத் தெரியுங்க" என்றேன்.

"தெரியும், தெரியும். அதுலயும் மிளகாவ எண்ணித்தான் போடுவ."

சாப்பாட்டு மேசையில் பாடம் நடக்கும். நான் ஒரு தாளில் கோடு போட்டுப் பிரித்தேன். ஒரு பக்கம் கூட்டு முன்னிடைச் சொற்கள்: இன் ஸ்பைட் ஆஃப், இன் அடிஷன் டு, ஆன் அக்கவுண்ட் ஆஃப், ப்ரையர் டு. மறுபக்கம் வினைகள்: டு கோ, கோயிங், ஹேவிங் கான். காலம் காட்டாமல், தனியாக நின்று வாக்கியத்தை முடிக்காமல், இன்னொரு வினையின் துணையோடு வருகிறவை. அதுவரை நன்றாகத்தான் போயிற்று. பிறகு அவள் பென்சிலை ஒரு வரிமேல் வைத்தாள்.

"டு வந்தா பின்னாடி கோன்னுதானே வரும்? டு கோ, டு ஈட். இங்க ப்ரையர் டு கோயிங்னு போட்டிருக்குது?"

"இங்க அப்படித்தான் வரும்."

"ஏன்?"

யோசித்துப் பார்த்தேன். கோயிங் என்பதுதான் சரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோ என்று யாராவது எழுதியிருந்தால் கை தானாக அடித்துத் திருத்தும். ஏன் என்று கேட்டால் சொல்ல வார்த்தை இல்லை. பழைய இலக்கணப் புத்தகத்தைப் பிரித்தேன். அந்த டு முன்னிடைச் சொல், இந்த டு வேறு என்று போட்டிருந்தது. படித்துக் காட்டினேன்.

"எது எந்த டுன்னு பாத்ததும் எப்படிங்க தெரியும்?"

"பழக்கத்துல தெரியும்."

"மாத்திரை எதுக்குன்னு கேக்கற பேஷண்ட் கிட்ட நான் பழக்கத்துல குடுக்கறேன்னு சொன்னா சும்மா வுடுவாரா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் நாள் நெருங்க நெருங்கச் சிரிப்பு குறைந்தது. முன்பு ஒரு மூச்சில் எழுதியவள் இப்போது ஒவ்வொரு வரியிலும் நின்று என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையசைத்தால்தான் அடுத்த சொல். சொல்லிக்கொடுக்கக் கொடுக்க அவளுக்குத் தெரிந்ததும் குழம்புவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நிறுத்தினால் பயிற்சி வகுப்பிலிருந்து அதே குறிப்பு மறுபடி வரும். நிறுத்தாவிட்டால் இப்படி. இரண்டில் எது சரி என்று எனக்குத் தெரியவில்லை.

தேர்வு சென்னையில். காலை பஸ்ஸில் இருவரும் போனோம். எதிரே ஒரு டீக்கடை ஓரம் நின்று காத்திருந்தேன். அவள் வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"கஷ்டமா?"

"ஈசிதாங்க. ஆபரேசன் முடிஞ்சு வீட்டுக்குப் போற ஒரு அம்மா. எல்லாத்தையும் சேத்து சேத்து எழுதினேன். இன் ஸ்பைட் ஆஃப் ரெண்டு வாட்டி போட்டேன். கோயிங்கும் சரியா போட்டேன்."

"அப்புறம் என்னம்மா?"

"அந்தம்மாவுக்கு பென்சிலின் அலர்ஜி. குறிப்புல மொத வரியே அதான். நான் அத எழுதவே இல்ல."

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஷிஃப்ட் மாறும்போது அடுத்த நர்ஸிடம் பெயருக்கு அடுத்தபடியாக அலர்ஜியைத்தான் சொல்வாள். பொது வார்டில் ஒரு கட்டிலுக்குக்கூட அது விட்டுப்போனதில்லை. "பரிச்சைதானே, நெஜ ஆளு இல்லையே" என்றேன். சொன்னதும் தப்பாகச் சொல்லிவிட்டது தெரிந்தது.

"என் கைலருந்து போச்சே" என்றாள். "எந்த டு, எந்த டுன்னே பாத்துக்கினு இருந்தேன்."

வீட்டுக்கு வந்ததும் புடவைகூட மாற்றாமல் மேசையில் உட்கார்ந்து அதே கடிதத்தை மறுபடி எழுதினாள். நிற்கவில்லை, என் முகத்தைப் பார்க்கவுமில்லை. முடித்து என்னிடம் நீட்டினாள்.

"திருத்தாதீங்க. படிங்க, போதும்."

முதல் வரி அலர்ஜி. பிறகு காயம், மாத்திரை, நடைப்பயிற்சி, அந்த அம்மா வீட்டில் தனியாக இருக்கிறார் என்பது. எல்லாம் சின்னச் சின்ன வாக்கியங்கள். ஓர் இடத்தில் வினை தப்பு, இன்னோர் இடத்தில் ஆஃப் விட்டுப்போயிருந்தது. என் விரல்கள் பென்சிலைத் தேடின. கையை மடக்கிக்கொண்டேன்.

"புரியுதா?"

"புரியுது."

முடிவு வந்த அன்று நான் அச்சகத்தில் இருந்தேன். வார்டிலிருந்து அவளே போன் செய்தாள்.

"பாஸ் ஆவலைங்க. இந்த வாட்டியும் எழுத்துலதான்."

"நான் வேணா அங்க..."

"இங்க வந்து இன்னா பண்ணப்போறீங்க? புது அட்மிசன் வந்திருக்குது. வைக்கறேன்."

என் முன்னால் ஒரு கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கம் கிடந்தது. ஒரே வாக்கியம், பத்து வரி. முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். வழக்கமான கிண்டல் எதுவும் வரவில்லை.

"அவசரமில்லப்பா, பொறுமையா பாரு" என்றார்.

எத்தனை முறை படித்தும் அதில் ஒரு தப்புகூட இல்லை.