நஸ்ரீன் எழுத மறுத்த ‘கூடும்’

உருகிய மெழுகின் வாசனை...

எங்கள் காலேஜ் பிசியோதெரபி டிபார்ட்மென்ட் என்றால் எனக்கு முதலில் மூக்கில் வருவது அதுதான். நோயாளிகள் வலிக்கிற கையை முக்கி எடுப்பதற்காகத் தொட்டியில் மெழுகை உருக்கி வைத்திருப்பார்கள். வேலப்பன்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஹைவே தூசியைத் தின்றுவிட்டு உள்ளே நுழைந்தால் அந்த வாசனைதான் குட் மார்னிங் சொல்லும்.

இன்று காலை ஒரு மாணவனின் புராஜெக்ட்டைத் திருத்தும்போது அந்த வாசனை நினைவுக்கு வந்தது. கூடவே நஸ்ரீனும்.

கடைசி வருட புராஜெக்ட்டில் நானும் அவளும் ஜோடி. முட்டி வலி உள்ள பெண்களுக்குச் சில வாரங்கள் பயிற்சி கொடுத்து, வலி குறைகிறதா என்று பார்க்க வேண்டும். பூந்தமல்லியில் அவள் தெருவிலேயே ஆள் பிடித்தோம். அவளுடைய அம்மாவும் அதில் ஒருவர்.

அம்மா பல வருடமாக நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுவார். பயிற்சி முடிகிற சமயத்தில் ஒரு விடிகாலை நஸ்ரீன் எழுந்து பார்த்திருக்கிறாள். நாற்காலி ஓரமாகக் கிடக்கிறது. அம்மா தரையில், நெற்றி பாயைத் தொட, சஜ்தாவில் இருக்கிறார். இதைச் சொல்லும்போது பஸ்ஸிலேயே அழுதுவிட்டாள்.

அப்படிப்பட்டவள் எழுதிய வரியைத்தான் எங்கள் கைடு மேடம் அடித்தார். ‘இந்தப் பயிற்சி வலியைக் குறைக்கிறது’ என்று ஆங்கிலத்தில் கம்பீரமாக எழுதியிருந்தாள். ‘குறைக்கக்கூடும்’ என்று மாற்றச் சொன்னார்.

நஸ்ரீனுக்கு வந்ததே கோபம்!

“எங்கம்மா தரையில உக்காந்தாங்க மேடம். நான் கண்ணால பாத்தேன். ‘உக்காந்திருக்கக்கூடும்’னு எழுதணுமா?”

மேடம் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. “உக்காந்தாங்கன்னு எழுதும்மா, யாரு வேணாம்னா? எதனால உக்காந்தாங்கன்றதுதான் கேள்வி. பயிற்சியைத் தவிர வேற என்ன மாறிச்சுன்னு கேட்டீங்களா?”

கேட்கவில்லை.

“கேட்டுட்டு வாங்க. அதுக்கப்புறம் கையெழுத்து.”

சப்மிஷன் அந்த வாரமே. கையெழுத்து இல்லையென்றால் ரெண்டு பேருமே அடுத்த முறைதான். “ஒரு வார்த்தைதானடி, போட்டுட்டுப் போயேன்” என்றேன். அவள் என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டாள்.

ஆனாலும் சாயங்காலம் அவள் வீட்டுக்கு ஷேர் ஆட்டோவில் ஒன்றாகத்தான் போனோம். நஸ்ரீன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததால் அம்மாவிடம் நான்தான் கேட்டேன்.

“வேற இன்னா மாறுச்சு... ஒண்ணும் இல்லியே கண்ணு.” கொஞ்சம் யோசித்தவர் பால்கனிப் பக்கம் கையைக் காட்டினார். “தோ, அந்த வாஷிங் மிஷினு வந்துச்சு. பெரியவன் வாங்கியாந்தான். அதுக்கு முன்னாடி ஈரத்துணிய வாளில தூக்கிகினு தெனம் மொட்டை மாடிக்கு ஏறுவேன். இப்ப இங்கயே காயுது.”

எப்போது வந்தது என்று கேட்டேன். நாங்கள் பயிற்சி தொடங்கிய அதே மாதம்!

நஸ்ரீன் முகத்தைப் பார்க்க வேண்டுமே... அந்த மெஷினில் துவைத்த வெள்ளைக் கோட்டைத்தான் தினமும் போட்டுக்கொண்டு காலேஜுக்கு வந்தாள். அவளுக்கே தோன்றவில்லை.

“அப்போ நான் சொல்லிக் குடுத்ததெல்லாம் வேஸ்ட்டாம்மா?” என்றாள்.

“யாரு சொன்னா? கால நீட்டி மடக்குனா லேசாத்தான் கீது. எது கேட்டுச்சோ, அல்லாவுக்குத்தான் தெரியும். நான் ரெண்டையும் வுட மாட்டேன்.”

மறுநாள் ‘குறைக்கக்கூடும்’ என்று அவளே எழுதினாள். வீட்டு வேலையில் வந்த மாற்றங்களை நாங்கள் கேட்டுப் பதியவில்லை என்றும் சேர்த்தாள். அதோடு, ‘பங்கேற்றவர்களில் ஒருவர் தரையில் அமர்ந்து தொழத் தொடங்கினார்’ என்று ஒரு வரி. அதில் ‘கூடும்’ கிடையாது. மேடம் அந்த வரியைத் தொடவே இல்லை.

இப்போது குமணன்சாவடி பக்கம் கிளினிக் வைத்திருக்கிறேன். பயிற்சிக்கு மாணவர்கள் வருகிறார்கள், நல்ல பிள்ளைகள். இன்று திருத்திய புராஜெக்ட்டில், ‘பங்கேற்றவர்கள் பெண்களாக இருந்திருக்கக்கூடும்’ என்று இருந்தது!

“இதுல உனக்கு என்னப்பா சந்தேகம்?” என்றேன்.

“சந்தேகம்லாம் இல்ல மேம். எல்லா எடத்துலயும் போட்டுட்டா சேஃப்.”

சிரித்துவிட்டேன். அப்புறம் என்னவோ போல இருந்தது. அந்த ஒரு வார்த்தைக்காக ஒருத்தி என்னோடு பேச்சையே நிறுத்தினாளே...

அந்த வரியை போட்டோ எடுத்து நஸ்ரீனுக்கு அனுப்பினேன். மாங்காட்டில் இருக்கிறாள், அவளும் பிசியோதான். உடனே போன் பண்ணினாள். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்:

“அம்மா வீட்டு மெஷின் ரிப்பேராகி ரெண்டு மாசமாச்சுடி. சொன்னா கேக்காம வாளியத் தூக்கிட்டு மாடி ஏறுறாங்க. பயிற்சியையும் விடல. இன்னிக்கும் தரையிலதான் தொழுறாங்க.”

எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. “அப்போ நம்ம பயிற்சிதான்டி! நீ அன்னிக்கு எழுதுனதுதான் கரெக்ட்டு!”



“இருக்கலாம்டி” என்றாள் நஸ்ரீன்.