எல்லோருக்கும் என்று எழுதிய பலகை

எங்கள் பக்கத்தில் சாதியை யாரும் நேராகக் கேட்பதில்லை. "எந்த ஊருங்க?" என்பார்கள். ஊரைச் சொன்னால், "ஊருல எந்தப் பக்கமுங்க?" என்பார்கள். அதற்குள் தண்ணீர் சொம்பில் வருமா, கொட்டாங்கச்சியில் வருமா என்பது முடிவாகிவிடும்.

ஜலகண்டாபுரத்தில் தறி நெய்துகொண்டிருந்த நாங்கள் சிலர் ஓய்வு நாட்களில் கூடிப் பத்திரிகை வாசிப்போம். நான் எழுத்துக் கூட்டக் கற்றதே அங்கேதான். மனிதர் எல்லாரும் சமம் என்று வாய் வலிக்கப் படித்தோம். எங்களுக்கு நூல் மூட்டை சுமக்கும் சேரி நண்பர் ஒருவரும் வந்து உட்காருவார். தை மாதம் அவருக்குக் கல்யாணம்.

ஒருநாள் அவர் சொன்னார்: "கண்ணாலத்துக்காச்சும் நாற்காலியில உக்காந்து, கண்ணாடி பாத்து முடிவெட்டிக்கோணுங்க. எங்காளுகளுக்கு எப்பவும் வேலியோரந்தான்."

ஓமலூர்ச் சந்தைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சலூன் வந்திருந்தது. 'எல்லோருக்கும் முடி வெட்டப்படும்' என்று வாசலில் பலகை. சந்தையில் கூட்டம் பேச வந்த யாரோ ஒரு பேச்சாளர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனதாம். உள்ளே எங்களுக்கு ஒரு கத்தி, சேரிக்காரர்களுக்கு ஒரு கத்தி இருக்கும் என்று எனக்குச் சந்தேகம்.

"அந்த எல்லோருல நானும் உண்டுங்களா?" என்றார் நண்பர்.

"போயி உக்காந்தாத்தானுங்க தெரியும்."

"நீங்க உக்காந்தா முடி போகும். நான் உக்காந்தா தலையே போகும்."

ஆனாலும் சந்தையன்று இருவரும் போனோம். பெஞ்சில் இரண்டு பண்ணையக்காரர்கள். கடைக்காரர் நண்பரைப் பார்த்து, "எந்த ஊருங்க?" என்றார். நண்பர் சுற்றி வளைக்கவில்லை. "சேரிங்க. தையில கண்ணாலமுங்க," என்றார்.

"மறுக்கா வாரேன்," என்று பண்ணையக்காரர் ஒருவர் எழுந்தார். அவர் பின்னாலேயே மற்றவரும் போனார். கடைக்காரர் நண்பரை நாற்காலியில் உட்காரவைத்து வெட்டினார், சவரமும் செய்தார். நான் கத்தியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அடுத்து நான் உட்கார்ந்ததும் அவர் கை பெட்டிக்குள் போய் வேறொரு கத்தியை எடுத்தது.

"அதே கத்தி போதுமுங்க," என்றேன்.

கண்ணாடிக்குள்ளிருந்து என்னை முறைத்தார். "என்னைய வேவு பாக்க வந்தீங்களா? உங்களுக்கு இன்னிக்கு ஒரு நாள் கூத்து. நாளைக்கு என்ற கடையில ஈ ஓட்டறது நானுங்க." அதே கத்தியைத் தோல் வாரில் தீட்டிச் சவரம் செய்தார். பிறகு நண்பரிடம், "கண்ணாலத்துக்கு முன்னால வாரதா இருந்தா, இவிய தொணையில்லாம வாங்க. பாப்பம்," என்றார்.

இது அழைப்பா, மிரட்டலா? வழியெல்லாம் பேசியும் எங்களுக்கு விளங்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின சந்தையில் நண்பர் தனியாகவே உள்ளே போனார். நாங்கள் நான்கைந்து பேர் எதிரே புளிய மரத்தடியில் நின்றோம். சத்தம் வந்தால் ஓடலாம் என்று வேட்டியை மடித்துக் கட்டியிருந்தோம். சத்தமே வரவில்லை, அது இன்னும் பயமாக இருந்தது.

வெகு நேரம் கழித்து, கிருதா ஒதுக்கி, மீசை முறுக்கி, மாப்பிள்ளையாகவே வெளியே வந்தார்.

"செஞ்சாருங்க. ஆனா பெஞ்சுல ஒரு ஆளுகூட இல்லீங்க. நான் வந்துபோனதுலருந்து யாரும் வாரதில்லையாமுங்க."

சாலையைத் தாண்டிப் போய் அந்தப் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தோம். ஒருவர் தலையிலும் வெட்டுகிற அளவுக்கு முடியில்லை.

"எதுக்குங்க வந்தீங்க?" என்றார் கடைக்காரர்.

"உக்காந்திருக்கத்தானுங்க."

அவர் நம்பவில்லை. "எத்தன சந்தைக்குன்னு பாக்கறேன்," என்று சொல்லிவிட்டுக் கத்தியைக் கழுவப் போனார்.