சகலையோடு ஆடிய மூணு சீட்டு

என் மருமகனும் அவருடைய ஆபீஸ் சிநேகிதர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மாடியில் போக்கர் என்று ஒன்று விளையாடுகிறார்கள். பெரிய பந்தயம் எதுவும் இல்லை. தோற்றவர் எல்லாருக்கும் பரோட்டா வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வாரம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பெயர்தான் புதிது. போடியில் நாங்கள் ஆடிய மூணு சீட்டுக்கு அது கூடப்பிறந்தது. கையில் இருப்பதை மறைக்க வேண்டும், இல்லாததை இருக்கிற மாதிரி காட்ட வேண்டும்.

"மாமா, நீங்க அந்தக் காலத்துல பெரிய ஆட்டக்காரராமே. எங்களுக்கு ஏதாவது யோசனை சொல்லுங்களேன்" என்று மருமகன் கேட்டார். யார் அவருக்கு அந்தப் பொய்யைச் சொன்னது என்று தெரியவில்லை. சொன்னேன். மட்டமான சீட்டு வந்தால் கவிழ்த்துப் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள். போனதை அடுத்த ஆட்டத்திலேயே பிடித்துவிட நினைக்காதீர்கள். பசியோடும் உட்காராதீர்கள், மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டும் உட்காராதீர்கள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். முக்கியமான ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை, அவருக்கும் ஒரு சகலை இருக்கிறார் என்பதால். சகலையோடு மட்டும் ஆடாதீர்கள். அதிலும் சின்னப் பந்தயத்துக்கு ஆடவே ஆடாதீர்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் எனக்கு ஏலக்காய்த் தரகு வேலை. மலையிலிருந்து ஜீப்பில் இறங்குகிற மூட்டைகளைப் பார்ப்பது, கையில் அள்ளி முகர்ந்து தரம் சொல்வது, வாங்குகிறவரையும் விற்கிறவரையும் கூட்டி வைப்பது. அப்போது மூட்டைகளை அடுக்கி வைக்கிற கிட்டங்கிகளில் விலையை வாயால் பேச மாட்டார்கள். இரண்டு பேர் கையைச் சேர்த்துக்கொண்டு மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். விலை முழுக்க விரல்தான் பேசும். எந்த விரலைப் பிடிக்கிறோம், எத்தனை விரலைப் பிடிக்கிறோம், எந்தக் கணுவில் அழுத்துகிறோம் என்பதில் எல்லாம் அடங்கிவிடும். சுற்றி இருபது பேர் நின்றாலும் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. இதற்குக் கை போடுவது என்று பெயர். கை போடுகிறவன் முகத்தில் எதுவும் தெரியக் கூடாது. என் முகத்தில் தெரியாது. கல்லுப் பிள்ளையார் என்றே எனக்குப் பட்டப்பெயர். அதில் எனக்குப் பெருமைதான்.

சகலை என்பவன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். மலைமேல் ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் வேலை; எஸ்டேட் சரக்கு விற்க இறங்கினால் கூட வந்து கை போடுவதும் அவன்தான். என்னைவிட நாலு வயது இளையவன், அரை அடி உயரமானவன். அவனுக்குச் சிரிப்பு என்பது தும்மல் மாதிரி, வந்தால் நிறுத்த முடியாது. மாமனார் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தால், மாமியார் என் இலைக்கு முன்னால் குனிந்து "இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்று கேட்பார். அவன் இலையில் கேட்காமலே வைப்பார். பதினொரு தீபாவளிக்கு இதைப் பார்த்தேன். ஒருநாள் என் மனைவியே, "அவரு சிரிச்சா வீடே நெறஞ்ச மாதிரி இருக்குல்லங்க" என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. எதற்கு என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது.

ஞாயிறு மதியம் ஒரு கிட்டங்கியின் மாடியில் சீட்டு நடக்கும். கிட்டங்கிக்காரர், பக்கத்தில் ஏலக்காய்க் கமிஷன் மண்டி வைத்திருந்த ஒருத்தர், நான், மலையிலிருந்து இறங்கி வந்தால் சகலை. ஆளுக்கு ஐம்பது புளியங்கொட்டை. கொட்டை முதலில் தீர்ந்தவன் காப்பியும் பஜ்ஜியும் வாங்க வேண்டும். வேறு பந்தயம் இல்லை. மூணு சீட்டு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஆளுக்கு மூன்று சீட்டு. நல்ல சீட்டு என்று நினைத்தால் கொட்டையை நடுவில் வைத்துக்கொண்டே போகலாம், பயந்தால் கவிழ்த்துவிடலாம். கடைசியில் யாராவது எதிராளியைக் காட்டச் சொல்வார்கள். பெரிய சீட்டு நடுவில் இருப்பதை அள்ளிக்கொள்ளும்.

சகலைக்கு முகத்தை மறைக்கவே தெரியாது. ஆனால் நல்ல சீட்டுக்கும் சிரிப்பான், கெட்ட சீட்டுக்கும் சிரிப்பான். அதை வைத்து என்ன செய்வது? என் முகமோ சுவர். அப்படியிருந்தும் எனக்கு நல்ல சீட்டு வந்தால் அவன் கவிழ்த்துவிடுவான். ஒன்றுமில்லாமல் நான் மிரட்டினால் மட்டும் "காட்டுங்கண்ணே" என்பான். வாராவாரம் காப்பி என் கணக்கு.

சீட்டில் கோடு போட்டிருக்கிறான் என்று சந்தேகப்பட்டுப் புதுக் கட்டு வாங்கினேன். அதிலும் தோற்றேன். முதுகுக்குப் பின்னால் இருந்த ஜன்னல் கண்ணாடியில் என் சீட்டைப் பார்க்கிறான் என்று சுவரோரம் இடம் மாறினேன். அங்கேயும் தோற்றேன். என் மூக்குக் கண்ணாடியில் சீட்டின் நிழல் விழுகிறதோ என்று ஒரு வாரம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஆடினேன். ராணியை ராஜா என்று நினைத்து இருபது கொட்டையை விட்டேன். சகலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பை அப்படியே கழற்றி எடுத்துக்கொண்டு ஓடிவிட வேண்டும் போல இருந்தது எனக்கு.

இந்தச் சமயத்தில்தான் விருதுநகரிலிருந்து ஒரு மொதலாளி வந்தார். ஏலக்காய் வாங்கி வடக்கே அனுப்புகிறவர். சீசன் முழுக்க போடியில் இருந்து தன் பெயரில் கை போட ஒரு ஆள் வேண்டும் என்றார். என்னையும் கேட்டு வைத்தார், மலையில் சரக்கு பார்க்கப் போன இடத்தில் சகலையையும் கேட்டு வைத்தார். "ஒங்க ரெண்டு பேர்ல ஒருத்தருதான். யாருன்னு அடுத்த ஞாயித்துக்கெழம சொல்றேன்" என்று சொல்லிவிட்டார்.

அந்த வேலை எனக்கு வேண்டும். அதுவரை நான் கிட்டங்கி கிட்டங்கியாக ஏறி இறங்கி, "இருங்க, கூப்பிடுறேன்" என்பதைக் கேட்டு வாசலில் நின்றவன். அந்த வேலை கிடைத்தால் மற்றவர்கள் என்னைத் தேடி வருவார்கள். அதைவிட, உண்மையைச் சொல்கிறேன், மாமனார் வீட்டில் அந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும். சகலைக்கும் அது வேண்டியிருந்தது, வேறு காரணத்துக்கு. மலைமேல் அவர்கள் வீட்டில் மழைக்காலத்தில் துணி காயாது, வாசலில் கால் வைத்தால் அட்டை ஏறும். "எப்பக்கா நான் கீழ வருவேன்?" என்று கொழுந்தியாள் என் மனைவியிடம் கேட்டுக்கொண்டே இருப்பாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவனுக்குக் கிடைக்கக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

அந்த ஞாயிறு மொதலாளி நேராக மாடிக்கே வந்துவிட்டார். அவர் ஆட மாட்டார். ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு, "நீங்க ஆடுங்க, நான் சும்மா பாக்குறேன்" என்றார். எனக்கு வேர்த்தது. ஆனால் முகத்தில் ஒன்றுமில்லை.

இரண்டாவது ஆட்டத்தில் எனக்கு மூன்று ராஜா வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை வருகிற சீட்டு. அலட்சியமாக இரண்டு கொட்டையை வைத்தேன். சகலை என்னைப் பார்த்தான், கவிழ்த்தான். கிட்டங்கிக்காரர் கவிழ்த்தார். மண்டிக்காரர் கவிழ்த்தார். மூன்று ராஜாவுக்குக் கிடைத்தது ஒரு பிடி கொட்டை. அதற்கு அடுத்த ஆட்டத்தில் ஒன்றுக்கும் உதவாத சீட்டு. விடக் கூடாது என்று பத்துப் பத்தாக வைத்தேன். சகலை சிரித்துக்கொண்டே கூடவே வந்து, "காட்டுங்கண்ணே" என்றான். அவனிடம் இருந்தது வெறும் இரண்டு எட்டு. என் கொட்டை தீர்ந்தது.

சீட்டை அவன் முன்னால் எறிந்தேன். "திருட்டுப் பய! சீட்டுல ஏதோ பண்ணி வச்சிருக்கான். மொதலாளி, இவனையா நம்பி ஒங்க காசக் குடுக்கப் போறீங்க?" என்று கத்தினேன். என் வாழ்க்கையில் நான் அப்படிக் கத்தியதில்லை. சகலையின் முகத்தில் சிரிப்பு நின்றதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அதில் ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மொதலாளி எழுந்து வந்து சீட்டுக் கட்டை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை. பிறகு தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, என் வலது கைமேல் போட்டு மூடினார்.

"இத்தன வருசமா துண்டுக்கு அடியில பேசிப் பழகுன கைய்யா இது. மேல துண்டு இல்லங்கிறத யாரும் அதுக்குச் சொல்லலபோல. நல்ல சீட்டு வந்தா ஒன் கட்ட விரலு மத்த விரலோட கணுவுல ஏறி ஏறி அழுத்துது, வெலைய ஏத்துற மாதிரி. ஒண்ணும் இல்லன்னா விரல மடக்கி உள்ள இழுத்துக்கிருற, சரக்கு வேணாம்னு சொல்ற மாதிரி. இங்க உக்காந்து ரெண்டே ஆட்டத்துல எனக்கே தெரிஞ்சிருச்சு."

கிட்டங்கிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கோவிச்சுக்கிராதப்பா. நாங்க எல்லாருமே மாசக்கணக்கா ஒன் வெரலாலதான் காப்பி குடிக்கிறோம்" என்றார். எல்லாருமே கை போடுகிறவர்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. நான் ஒருத்தன்தான் கண்ணாடி முன்னால் நின்று முகத்தைப் பழக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

மொதலாளி சகலை பக்கம் திரும்பினார். "நீ எப்பப்பா கவனிச்ச?"

"மொத நாளு சீட்டுப் போட்டப்பவே மொதலாளி" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"சரி. அடுத்தவன் கையப் படிக்கிறவன்தான் எனக்கு வேணும். எஸ்டேட்டுல சொல்லிட்டு வெரசா கீழ எறங்கி வந்துரு."

முடிந்தது என்று நினைத்தேன். கொழுந்தியாள் மூட்டை முடிச்சோடு ஜீப்பிலிருந்து இறங்குவதும், மாமனார் வீட்டில் பேசப்போவதும் எல்லாம் கண் முன்னால் வந்துவிட்டது.

சகலை சிதறிக் கிடந்த சீட்டை அடுக்கினான். அப்புறம் பேசினான். "வேணாம் மொதலாளி. ஒங்களுக்கு அண்ணன்தான் தோது. புளியங்கொட்டைக்குக்கூடப் பொய் சொல்லத் தெரியாத கை அது. ஒங்க காசுல மட்டும் சொல்லிருமா? துண்டு மேல இருந்தா வெளியாளுக்கும் ஒண்ணும் தெரியப் போறதில்ல. என்னைய வச்சீங்கன்னா, இவன் என்ன பண்றானோன்னு தெனமும் நீங்கதான் பாத்துக்கிட்டு இருக்கணும்." சொல்லிவிட்டுப் பழையபடி சிரித்தான். மொதலாளியும் சிரித்துவிட்டார். என் கைமேல் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து, "நாளைக்குக் காலையில வந்து பாருய்யா" என்றார்.

மாடிப்படியில் இறங்கும்போது அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். "ஒனக்கு என்னடா கிறுக்கா? நான் ஒன்னையத் திருடன்னு சொன்னேன்."

"நீங்க அது எம்புட்டு வேணும்னு இருந்தீங்கன்னு எனக்குத் தெரியும்ணே. எனக்கு மலையில சோலி இருக்கு, சம்பளம் இருக்கு. ரெண்டு மழ போனா வேற எதாச்சும் வரும்."

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "பாத்து எறங்கு" என்றுதான் சொன்னேன். வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி, "என் தங்கச்சி ஒரு வாரமா பாத்திரம் பண்டத்தையெல்லாம் கட்டி வச்சிக்கிட்டு இருந்தாளாம்" என்றாள். மாமனார் வீட்டுக்கும் செய்தி போனது. எனக்கு வேலை கிடைத்தது என்பதை ஒரு வரியிலும், சின்ன மாப்பிள்ளை விட்டுக்கொடுத்தார் என்பதை ஒன்றரை மணி நேரமும் பேசினார்கள்.

அவர்கள் இறங்கி வர இரண்டு மழை இல்லை, நாலு மழை ஆனது. அதுவரைக்கும் அவன் ஞாயிறு தவறாமல் சீட்டுக்கு வந்தான். நான் மடியில் ஒரு துண்டை விரித்துக் கையையும் சீட்டையும் அதற்குள் வைத்துக்கொண்டு ஆட ஆரம்பித்தேன். அதன் பிறகு அவனால் ஒன்றும் படிக்க முடியவில்லை. வாராவாரம் நான் ஜெயித்தேன், அவன் தோற்றான். கொட்டை தீர்ந்ததும் எழுந்து போய் ஜன்னலில் தலையை நீட்டி, கீழே காப்பிக் கடையைப் பார்த்துத் தெருவே கேட்கிற மாதிரி கத்துவான்: "அண்ணே, நாலு காப்பி! எங்கண்ணன் ஜெயிச்சிட்டாரு!" அந்தக் குரலில் எள்ளளவும் வருத்தம் இருக்காது. நானும் எத்தனையோ தடவை உற்றுக் கேட்டுப் பார்த்துவிட்டேன். அவனிடம் தோற்றுக்கொண்டிருந்த காலத்தில்கூட எனக்கு அவன்மேல் அவ்வளவு பொறாமை இருந்ததில்லை.