போஞ்சி ஏழு நாள் பொறுக்காது

தேயிலைத் தோட்டத்து வேலைப் பதிவில் பேரை வெட்டிக்கொண்டு, இனிமேல் சொந்தக் காணியில்தான் பிழைப்பு என்று வந்த முதல் நாள், நான் கண் முழிக்கும்போது வெயில் என் வயிற்றில் ஏறி உட்கார்ந்திருந்தது. அதுவரை என்னை எழுப்பியது பெரட்டுச் சங்கு. சங்கு ஊதினால் ஓடிப் போய் வரிசையில் நிற்க வேண்டும். கங்காணி ஆளுக்கொரு வேலை சொல்லித் தேயிலை மலைக்கு அனுப்புவார். லேட்டானால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம். அன்றைக்கும் சங்கு ஊதத்தான் செய்தது. அது யாருக்கோ ஊதுகிறது என்று புரண்டு படுத்துக்கொண்டேன்.

அப்புறம் காணிக்குப் போய் நின்றேன். யாரும் எனக்கு ஒரு வேலையும் சொல்லவில்லை. சரி, சொல்லட்டும் என்று ஒரு கல்லில் உட்கார்ந்தேன். மத்தியானம் பசித்தது, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

காணி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கலஹா டவுனுக்கு மேலே, பஸ் ரோட்டிலிருந்து இறங்கி ஓடையைத் தாண்டினால் அப்பா வாங்கிப் போட்ட ஒரு சரிவு. ஒரு பூசணிக்காய் கை நழுவினால் அடுத்தவன் காணியில் போய்த்தான் பொறுக்க வேண்டும். அதோடு ஒரு பால் மாடு. அதுவும் என்னைப் போலத்தான், எழுப்பினால்தான் எழும்பும்.

என் வீட்டுக்காரி கொழுந்து பறிக்கிறவள். அவள் விரல் போகிற வேகத்தைப் பார்த்தால் செடிக்கே வலிக்காது. நான் பேரை வெட்டினேன், அவள் வெட்டவில்லை. நீயும் வந்துவிடேன், மழையில் அட்டைக் கடி வாங்கியது போதும் என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"ரெண்டு பேரும் வெட்டிட்டு வந்துட்டா ஒலையில என்னத்தங்க போடுறது? நீங்க சொல்ற சிரிப்புக் கதையவா?" என்றாள்.

கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். முதல் போகம் போஞ்சி, டவுன்காரர் பீன்ஸ் என்பது. அது வீட்டை ஓட்டினால் அவளும் வந்துவிடுவாள். ஓட்டவில்லையென்றால் நான் பல்லைக் காட்டிக்கொண்டு கங்காணியிடம் போய் மறுபடியும் பேர் போட்டுக்கொள்ள வேண்டும். கங்காணியோ நான் கிளம்பும்போதே தேயிலைச் செடி வெட்டும் என் கவ்வாத்துக் கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, துருப்பிடிக்காமல் எண்ணெய் போட்டு வைக்கிறேன், சீக்கிரம் திரும்பி வந்துவிடுவாய் என்று அனுப்பி வைத்த ஆள். அந்த எண்ணெய் நினைப்பு வந்தால் எனக்குத் தூக்கம் வராது. வந்தாலும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வரும்.

போனில் அலாரம் வைத்துப் பார்த்தேன். சங்கில் இருக்கிற பயம் அதில் இல்லை. தடவினால் அடங்கிவிடுகிறது. அதனால் அவள் மலைக்குக் கிளம்புமுன் என் தலைமாட்டில் நின்று சோற்றுப் பானை மூடியில் கரண்டியால் தட்ட ஆரம்பித்தாள். மாடும் நானும் சேர்ந்து எழும்பினோம்.

குறை சொல்லக் கூடாது, போஞ்சி நன்றாகத்தான் வந்தது. சாணி போட்டேன், கம்பு நட்டேன், கொடி ஏறியது, பூத்தது. ஞாயிற்றுக்கிழமை இருவருமாகப் போய் முதல் காய் பறித்தோம். சாக்கைச் சந்தைக்குக் கொண்டுபோனேன். அங்கே மரக்கறி எடுக்கிற முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர். ஒரு போஞ்சியை எடுத்து ஒடித்தார். டக்கென்று ஒடிந்தது. நல்ல சாமான், இப்படியே கொண்டு வா என்றார். அன்றைக்கு பஸ்ஸில் எனக்கு சீட் கிடைத்தும் நான் உட்காரவில்லை. முதலாளிமார் அப்படி உடனே உட்காரக் கூடாது என்று ஒரு நினைப்பு.

அடுத்தது எப்போது பறிப்பது? அங்கேதான் என் மூளையைப் பாவித்தேன். பள்ளிக்கூடத்துக்கு நான் போனது அங்கே தின்னக் கொடுத்த பணிசுக்காக. பணிஸ் நின்றது, படிப்பும் நின்றது. ஆனால் தேயிலையில் ஒரு மலையைப் பறித்தால் ஏழு நாள் கழித்துத்தான் திரும்பவும் அந்த மலைக்கு வருவார்கள் என்பது எனக்குத் தெரியும். எனவே போஞ்சிக்கும் ஏழு நாள் சுற்று என்று உத்தரவு போட்டேன். அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. பிறந்ததிலிருந்து அவள் பார்த்ததும் அந்தச் சுற்றுத்தானே. எங்கள் லயத்து வீட்டு வாசலில் போஞ்சி நாலு கொடி போட்டிருந்தோம்தான், ஆனால் அதில் கறிக்குத் தேவைப்படும்போதெல்லாம் கிள்ளிக்கொள்வோம். காய் முற்றுவதற்கு நாங்கள் என்றைக்கு நேரம் கொடுத்தோம்?

அந்த வாரம் முழுக்க நான் தோட்டத்துத் துரை மாதிரி இருந்தேன். ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு காணியைச் சுற்றி வந்தேன். மாட்டுக்கு மட்டும் ஓரிரண்டு அட்வைஸ் சொன்னேன். கொடியில் காய் தடித்துத் தொங்கியது. அடடா, நிறை கூடுகிறது என்று பூரித்துப்போனேன்.

ஏழாம் நாள் பறித்துக் கட்டிய சாக்குகளைத் தூக்கவே முடியவில்லை. முதலாளி ஒன்றை எடுத்து ஒடித்தார். ஒடியவில்லை. வளைத்தார், வளைந்தது. முறுக்கினார், முறுகியது. பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இது கறிக்கா, மாடு கட்டவா? கட வாசல்ல ஒரு மாடு நிக்கிது, கட்டிப் பாரு."

கடையிலிருந்த எல்லாரும் சிரித்தார்கள். பகிடி நல்ல பகிடிதான் என்பதால் நானும் சிரித்துவிட்டேன். சாக்குகளைத் திரும்பவும் கட்ட ஆரம்பித்தேன். இரண்டு நாளைக்கு ஒருக்கா பறிக்க வேணும், விட்டால் நார் விழுந்துவிடும் என்று அவர் மெதுவாகச் சொல்லி, குடிக்கப் பிளேன்டீயும் வாங்கித் தந்தார். திரும்பி வரும்போது கண்டக்டர் சாக்குகளைப் பார்த்துவிட்டு, எல்லாரும் மரக்கறியை டவுனுக்குக் கொண்டுபோவார்கள், நீ என்ன சுற்றிக் காட்டிவிட்டுக் கொண்டுவருகிறாய் என்று கேட்டார். இந்த முறை சீட் கிடைத்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டு வாசலில் சாக்கை இறக்கினேன். அவள் அப்போதுதான் மலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு காயை எடுத்து வளைத்துப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து தோலை உரித்துக் கொட்டையை ஒரு சட்டியில் போட ஆரம்பித்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அந்தக் கத்தியும் எண்ணெயும்தான் கண்ணுக்குள் நின்றது. நாளைக்குக் கங்காணியைப் பார்க்கிறேன் என்று நானே சொல்லிவிட்டேன்.

அவள் இன்னொரு காயை உரித்துச் சட்டியில் போட்டாள். பிறகு கேட்டாள்:

"கொடியில இன்னும் பூ இருக்குதாங்க?"

இருக்கிறது, மேலே பூத்துக்கொண்டுதான் இருக்கிறது என்றேன்.

"முத்தினத ஒடிச்சுப் போட்டாத்தானே மலையில தளிர் வரும். இதுக்கு மட்டும் வேற சட்டமா?"

மறுநாள் அவள் மலைக்குப் போகவில்லை. இரண்டு கையாலும் கொடி கொடியாக முற்றின காயையெல்லாம் ஆய்ந்து எறிந்தாள். நான் பின்னால் போய்ப் பொறுக்கினேன், எனக்கு ஏற்ற வேலை அதுதான். நல்ல கொட்டையைப் பார்த்து விதைக்குக் காயப் போட்டோம். மிச்சத்தைத் தேங்காய்ப்பால் விட்டுக் காலையிலும் கறி, ராத்திரியிலும் கறி. எனக்கே கொடி ஏறிவிடும் போலிருந்தது.

மழை ஒரு பாட்டம் பெய்தது. மேல் கொடியில் பிஞ்சு விட்டது. நான் தனியாகப் பறித்துப் பார்த்தேன். மூன்று வரிசை முடிப்பதற்குள் நான்காவது வரிசை முற்றிவிடும் வேகம் என்னுடையது. அவள் சாயந்தரம் மலையிலிருந்து இறங்கி வந்து, இருட்டும் வரைக்கும் மிச்சத்தைப் பறிப்பாள். முதலாளி ஒடித்துப் பார்த்தார், டக்கென்றது. வீட்டில் அடுப்பு நின்று போகாமல் ஓடியது. ஆனால் அவள்தான் ஓய்ந்துபோனாள். ராத்திரி தட்டில் கை வைத்தபடியே தூங்கிவிடுவாள். இதைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை.

இப்படியே போனால் சரிவராது, நான் பேர் போட்டுக்கொள்கிறேன், நீ காணியைப் பார் என்று ஒரு காலையில் சொல்லலாமென்று எழும்பினேன். அவள் இல்லை, பெரட்டுக்குப் போய்விட்டிருந்தாள். போனவள் கொஞ்ச நேரத்திலேயே திரும்பி வந்தாள். தோளில் கூடை இல்லை. கையில் என் கவ்வாத்துக் கத்தி, எண்ணெயில் பளபளவென்று.

"பேர வெட்டிட்டு வந்துட்டேன்" என்றாள். "ஏழு நாளு போஞ்சி பொறுக்காது. நீங்கன்னா ஏழு வருசமும் பொறுப்பீங்க."

கங்காணி என்ன சொன்னார் என்று கேட்டேன். எண்ணெய்க்குக் காசு கேட்டாராம்.

இப்போது அந்தக் கத்தியால்தான் போஞ்சிக்குக் கம்பு வெட்டுகிறேன். காலையில் பானை மூடி சத்தம் கேட்டதும் நானும் மாடும் வாசலுக்கு வந்துவிடுவோம். மாடு முந்திவிட்டால் அன்றைக்கு எனக்கு அரைப் பேர்தான், பிளேன்டீக்குச் சீனி கிடையாது.