ராகு காலம் கழிந்து கட்டிய விசா பணம்

கோமதி மாமி எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை. கல்யாணமாகிக் கல்கத்தா வந்த புதிதில், கார்டன் ரீச் குவார்ட்டர்ஸில் அடுத்த வீட்டு வங்காளிப் பெண்ணிடம் நின்று பேசிப் பேசியே பாஷையைக் கற்றுக்கொண்டாள். கணவர் ஜம்புநாதன் துறைமுக ஆபீசில் ரிடையரானதும் பெஹாலாவில் ஃபிளாட் வாங்கினார்கள். அதற்குப் பத்திரம் முடிகிற வரை அலிப்பூர் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு அலைந்தவளும் அவள்தான். அப்படிப்பட்டவளுக்கே இந்த விசா விஷயம் கடைசி வரை பிடிபடவில்லை என்றால், அது அவள் குற்றம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஒரே பிள்ளை சாய் கிருஷ்ணா மெல்போர்னில் இருந்தான். அப்பா அம்மாவை நிரந்தரமாக அங்கே கூட்டிக்கொள்ள விண்ணப்பம் போடப் போவதாகச் சொன்னான். மாமிக்குத் தெரிந்த சர்க்கார் காரியம் பாஸ்போர்ட். பணம் கட்டினாள், போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து டீ குடித்தார், தபாலில் புத்தகம் வந்தது. இதற்கு அதைவிடப் பல மடங்கு பணம். ஆகவே பல மடங்கு வேகம் என்று நினைத்துக்கொண்டாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அந்த நினைப்பிலேயே ஃபிளாட்டை மேல் வீட்டு ரமேஷ்பாபுவுக்கு விற்பதாக வாக்குக் கொடுத்துவிட்டாள். அவர் பாங்க் ஆபீசர், மாமியாருக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை காலை அட்வான்ஸோடு வருவதாகப் பேச்சு. துர்கா பூஜை முடிந்ததும் காலி செய்துவிடலாம் என்று அவரிடம் சொன்னபோது ஜம்புநாதனும் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டினார்.

விண்ணப்பத்தை வெள்ளிக்கிழமையே சாய் தயாராக வைத்திருந்தான். அன்றைக்கு அஷ்டமி. மறுநாள் நவமி. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போய்விட்டு அவன் போனில் முகம் காட்டியபோது அங்கே ராத்திரி ஒன்பது. இங்கே நாலரை, சரியாக ராகு காலம் பிறக்கிற நேரம்.

மாமி கணவரைக் கார்டைக் கையில் எடுக்க விடவில்லை. ராகு காலம் கழிந்தது. கல்கத்தாவில்தான் சீக்கிரம் இருட்டிவிடுமே, அதற்குள் விளக்கு வைக்கும் வேளை வந்துவிட்டது. விளக்கு வைத்த கையோடு வீட்டுப் பணத்தை வெளியே கொடுப்பார்களா? சுவாமிக்குப் பாலை நைவேத்தியம் செய்து, கற்பூரம் ஏற்றி, கணவர் நெற்றியில் விபூதி இட்டு, இனிமேல் கட்டலாம் என்று அவள் வந்து உட்கார்ந்தபோது மணி ஏழே முக்கால்.

ஜம்புநாதன் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். சாயங்காலம் இருந்த தொகை இல்லை, கூடியிருந்தது.

"இங்க நாள் மாறிடுத்தும்மா, ஜூலை ஒண்ணு பொறந்தாச்சு" என்றான் சாய் போனில். "வருஷா வருஷம் இந்தத் தேதியில கட்டணத்தை ஏத்துவா. அதுக்குத்தான் வெள்ளிக்கிழமையே கட்டச் சொல்லித் தலைபாடா அடிச்சுண்டேன்."

இங்கே இன்னும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பாடே ஆகவில்லை. அதற்குள் அங்கே எப்படித் திங்கட்கிழமை வரும் என்று மாமிக்குக் குழம்பியது. போகட்டும், அதிகம் கேட்கிறவர்கள் அதிக ஆட்களை வைத்து வேலையைச் சீக்கிரம் முடிப்பார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, கார்த்திகைக்கு அங்கே இருப்போமா என்று கேட்டாள்.

சாய் அப்பாவைப் பார்த்தான். ஜம்புநாதன்தான் தொண்டையைக் கனைத்தார்.

"கோமதி, பன்னெண்டு வருஷத்துக்கு மேல ஆகும்."

"எதுக்கு?"

"விசாவுக்கு. இதுதான் ஜாஸ்தி பணம் கட்டற வரிசை. கம்மி வரிசைன்னா முப்பது வருஷமாம்."

தனக்கு அறுபத்தொன்று, இவருக்கு அறுபத்தெட்டு. முப்பது வருஷ வரிசையில் யார் நிற்பார்கள் என்று அவள் கேட்டாள். வருஷத்துக்கு இத்தனை பேர்தான் என்று அந்த நாட்டு சர்க்கார் கணக்கு வைத்திருக்கிறது, பணம் எவ்வளவு ஏறினாலும் அந்தக் கணக்கு ஏறாது என்று சாய் விளக்கினான். அப்படியானால் ஏற்றிய பணம் எங்கே போகிறது என்று கேட்டாள். பொது கஜானாவுக்கு என்றான். இது முதல் தவணைதான், பெரிய தொகை வேறே, விசா முறை வந்து கூப்பிடும்போது கட்டுவது என்றான். வரிசையில் நிற்கிறவன் பணம் வரிசையை நகர்த்தாது என்பதை அவள் மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தாள். மூன்று தடவையும் அதே பதில்தான் வந்தது, மூன்று தடவையும் அது புரியவில்லை.

"பன்னெண்டு வருஷம்னு தெரிஞ்சுமா, பூஜை முடிஞ்சு காலி பண்றேன்னு நான் சொன்னப்போ தலையை ஆட்டினேள்?" என்று கணவரிடம் திரும்பினாள்.

"நம்மவா இருக்கற லேக் மார்க்கெட் பக்கம் வாடகைக்குப் போகணும்னு நீ ரொம்ப நாளாச் சொல்லிண்டிருக்கியே. அதுக்குத்தான் விக்கறயாக்கும்னு நெனச்சேன்."

மாமிக்குச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த இரண்டு பேர், ஒருவர் எதற்குத் தலையாட்டினார் என்று இன்னொருவருக்குத் தெரியாமல், இருக்கிற ஒரே கூரையை விற்கவிருந்தார்கள்.

விண்ணப்பம் வேண்டாம் என்றால் வேண்டாம், கஷ்டப்படுத்திக்கொள்ளாதே அம்மா என்று சாய் மெதுவாகச் சொன்னான். அங்கேதான் அவளுக்குக் கோபம் வந்தது.

"ஏண்டா வேண்டாம்? பஸ்ஸுல துண்டைப் போட்டு வைக்கறதில்லையா, அந்த மாதிரி இருக்கட்டும். ஏன்னா, கட்டுங்கோ."

ஜம்புநாதன் கூடின தொகையையே கட்டினார். பெற்றுக்கொண்டோம் என்று ஒரு மெயில் வந்தது. அதில் வரிசையில் எத்தனையாவது ஆள் என்று போட்டிருக்கிறதா என்று மாமி கேட்டாள். போடவில்லை, அதற்கே நாளாகும் என்றான் சாய்.

காலையில் ரமேஷ்பாபு குளித்துவிட்டு, கையில் கவரோடு வந்தார். மாமி காபி கொடுத்தாள்.

"ஃபிளாட்டைக் கொடுக்கறதா இல்லை, ரமேஷ்பாபு. வாக்கு மாறறது தப்புதான். உங்க மாமியாருக்குக் கீழ்த்தெருவுல ஒரு வீடு காலியா இருக்கு, சாயங்காலம் நானே அழைச்சுண்டு போய்க் காட்டறேன்."

"அப்போ விசா கிடைக்கலையா மாமி?"

"பணம் கட்டியாச்சே" என்றாள். பன்னிரண்டு வருஷம் என்பதை அவர் சொல்லட்டும் என்று கணவரைப் பார்த்தாள். அவரும் அவளையே பார்த்தார்.