லேப் அக்காவின் செய்முறைத் தேர்வு

மின்னியல் ஆய்வகத்தைத் திறந்ததும் லேப் அக்கா சுவிட்ச் போர்டுகள் ஒவ்வொன்றையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். "உள்ளங்கையால தொட்டு ஷாக் அடிச்சா, கை அதையே பிடிச்சுக்கும். புறங்கைன்னா தானா விலகிடும்." பிறகுதான் ஜன்னல், மின்விசிறி, ஆசிரியர்கள் நாங்கள் எல்லாரும்.

அவரைவிடப் பத்து வயது மூத்த கல்லூரி முதல்வர்கூட அவரை 'லேப் அக்கா' என்றுதான் கூப்பிடுவார். பதவி, உதவியாளர். இருபத்திரண்டு வருடமாக மாணவர்களுக்கு ஒயரிங் சொல்லிக்கொடுப்பதும் படுத்துவிட்ட மோட்டார்களை எழுப்பி விடுவதும் அவர்தான். அவரிடம் கற்றுக்கொண்டு போன இரண்டு பேர் இங்கேயே டெக்னீஷியனாக வந்து, அவரைவிட இரண்டு மடங்கு சம்பளம் வாங்குகிறார்கள். சந்தேகம் வந்தால் இன்றும் அக்காவிடம்தான் ஓடி வருகிறார்கள். சம்பளத்தோடு மட்டும் நேரே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

எனக்கு இதில் கோபம் உண்டு. அக்காவுக்குக் கோபப்பட நேரமில்லை. "டெக்னீஷியன் ஆகணும்னா பத்தாவது போதும்னாங்க. முடிச்சேன். அப்புறம் பன்னெண்டுன்னாங்க. அதையும் முடிச்சேன். இப்ப டிப்ளமாவாம். நான் ஒரு படி ஏறினா இவங்க மேல ஒரு படி கட்டுறாங்க. கட்டட்டுமே, எனக்கென்ன முட்டி வலியா?"

நாற்பத்தாறு வயதில் இதே கல்லூரியின் மாலை வகுப்பில் சேர்ந்தார். அங்கே கணக்குப் பாடம் எடுப்பவன் நான். புரியாமல் தலையாட்டும் வழக்கம் அவரிடம் கிடையாது. "இன்னொரு தடவை சொல்லுங்க சார். பசங்களுக்கும் புரியல, வெக்கப்பட்டு உக்காந்திருக்காங்க." பேரன் எடுக்கிற வயதில் பரீட்சை எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்டாராம். "பேரன் வர்றப்ப வரட்டும். அதுவரைக்கும் குக்கர் விசிலை எண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் படிக்க உட்கார்ந்திருக்கிறார்.

செய்முறைத் தேர்வில்தான் சிக்கல் வந்தது. தேர்வுக்கு முந்தின நாள் ஒவ்வொரு போர்டிலும் ரகசியமாக ஒரு பழுது வைப்பார்கள். எழுதுபவர் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். இத்தனை வருடமும் அந்தப் பழுதுகளை வைத்தவர் அக்காதான். இந்த முறையும் துறைத் தலைவர் யோசிக்காமல் அவரிடமே சொன்னார்.

"நானே வெச்சு நானே எடுத்தா அது பரீட்சையா சார்? நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது. நீங்களே வையுங்க."

துறைத் தலைவர் ஒரு போர்டைத் திறந்து பல வருடம் ஆகியிருந்தது. அன்று மாலை கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் வியர்த்தார்.

மறுநாள் நான் மேற்பார்வை. அக்கா நான்கே நிமிடத்தில் விளக்கை எரியவைத்தார். வெளியூர்த் தேர்வாளர் பாராட்டும் முகத்தோடு விடைத்தாளை வாங்கிப் பார்த்தார். அதில் இரண்டு பழுது எழுதியிருந்தது.

"ஒண்ணுதாம்மா. நான்தானே வெச்சேன்," என்றார் துறைத் தலைவர். "இன்னொண்ணை அடிச்சிடுங்க."

செய்முறை மதிப்பெண்ணில் பாதி துறைத் தலைவர் கையில். அது குறைந்தால் டிப்ளமா போச்சு, டெக்னீஷியன் வேலையும் போச்சு. அடித்துத் தொலையுங்கள் அக்கா என்று எனக்கு வாய்வரை வந்துவிட்டது.

அக்கா பேனாவைத் தொடவில்லை. "நீங்க வெச்சது ஒண்ணு சார். இன்னொண்ணு உங்களுக்குத் தெரியாம நடந்தது. எர்த் ஒயர் கழண்டு கிடக்கு. விளக்கு நல்லாத்தான் எரியும். என்னைக்காவது ஒரு பிள்ளையை அடிக்கும்."

மெயின் சுவிட்சை அணைத்தார். இணைப்பைச் சோதிக்கும் மீட்டரின் இரண்டு முனைகளையும் துறைத் தலைவர் கையில் கொடுத்துவிட்டு, போர்டுக்கு முன்னால் அவருக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றார்.