பக்கத்து வீட்டு ஆட்டின் இருமல்

சீலை விற்பவன் ஆளைப் பார்த்து விலை சொல்லலாம். ஆராய்ச்சிக்காரன் எல்லா வீட்டிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்க வேண்டும், பேச்சு மட்டும் வீட்டுக்கு வீடு வேறு மாதிரி வாங்குவான். குடிசன மதிப்புக்கும் வாக்காளர் இடாப்புக்கும் வெயிலில் படலை தட்டித் திரிந்த ஆசிரியர்மாரே, கிராம சேவகர்மாரே, நாய்க்குப் பயந்து வேலியோடு நின்று கதைத்த அனைவருமே, என் பாடு உங்களுக்கு விளங்கும்.

படித்து முடித்த பிறகு படிப்பு

நான் கல்முனைச் சந்தையில் மீசை முளைக்க முதலே சீலை விரித்துக் காட்டியவன். பேரமும் கோபமும் அங்கேதான் பழகினேன். கடையில் நின்றுகொண்டே சோதனை எழுதி, பல்கலைக்கழகம் போய், அப்படியே பிடித்த பிடியில் வெளிநாட்டில் கலாநிதிப் பட்டமும் எடுத்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில், பட்டத்துக்குப் பிந்திய ஆய்வாளன் என்று சமூகவியலில் ஒரு பதவி கிடைத்தது. ஒரே மாவட்டத்தில் கடலோரத்து மனிசருக்கும் வயல் பக்கத்து மனிசருக்கும் சுகம் ஏன் ஒரே மாதிரிக் கிடைப்பதில்லை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. இரண்டு வருடம் தந்திருந்தார்கள்.

ஊருக்கு வந்ததும் என் பழைய முதலாளி ஹாஜியாரைப் பார்க்கக் கடைக்குப் போனேன். பதவியைப் பற்றி விளக்கினேன். மனிசன் சீலையை மடித்தபடி முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "படிச்சி முடிச்ச பொறகும் படிப்பெண்டா, அது முடிஞ்சதெண்டு ஒனக்கு ஆர் செல்லுவா?"

வீட்டுக்காரர் யார்?

கேள்விக் கொத்தைத் தயாரித்தவர் கொழும்பில் இருந்த எங்கள் பேராசிரியர். நல்ல மனிசன், ஆனால் எங்கள் பக்கம் பஸ்ஸில் வந்தறியாதவர். குடும்பத் தலைவரிடம் வீட்டின் பெறுமதியைக் கேட்டு அதை வைத்து வசதியை அளக்கச் சொல்லியிருந்தார். எங்கள் ஊர்களில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் என்றும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பவர் என்றும், வீட்டைப் பற்றி ஆம்பிளையிடம் கேட்பது வீண் என்றும் எவ்வளவோ வாதாடினேன். கேள்வியை மாற்ற முடியாது, மற்ற மாவட்டங்களோடு ஒப்பிட வேண்டும் என்றார். மேசையில் அடித்துக் கதைத்தும் பார்த்தேன். தேத்தண்ணிதான் சிந்தியது.

முதல் வீட்டிலேயே பலன் கிடைத்தது. மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தவரிடம் வீட்டின் பெறுமதி எவ்வளவு என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வீட்டப் பத்தி வீட்டுக்காரியிட்டக் கேளுங்க மகன், நான் இஞ்ச வந்து இரிக்கிற ஆள்."

வருத்தமே இல்லாத ஊர்

கடலோரத்தில் நோய் நொடி விசாரிக்கும் வேலை சுலபம். ஒரு வருத்தம் கேட்டால் மூன்று சொல்வார்கள். எங்கள் உதவி ஆய்வாளரான மருதமுனைப் பிள்ளை நசீமாவைக் கையைப் பிடித்து இருத்தி நாரி நோவிலிருந்து பல்லுக்குத்துவரை சொல்லுவார்கள். பிறகு நாவிதன்வெளிப் பக்கமாக உள்ளே இருந்த ஒரு வயல் ஊருக்குப் போனோம். பெண்கள் இருக்கும் அறைக்குள் நசீமா, முற்றத்தில் நான். எந்த வீட்டிலும் ஒரு காய்ச்சல் கூட இல்லை. எல்லா வீட்டிலும் காணி ஏராளம். எல்லாரும் கல்லுப் போல. பேராசிரியர் இதைக் கேட்டுச் சந்தோசப்பட்டார், வயற்காற்று சுகம் தருகிறது என்று எழுதலாமா என்று யோசித்தார். எனக்கோ இரத்தம் கொதித்தது. அந்த ஊர் மருந்தகத்து வாசலில் சனம் நிற்பதை நான் தினமும் பார்த்துக்கொண்டல்லவா போனேன்!

விடை சந்தித் தேத்தண்ணிக் கடையில் கிடைத்தது. எத்தனை அறை, எத்தனை ஏக்கர், பெண்பிள்ளைகளுக்கு என்ன வயது, பரம்பரையில் என்ன வருத்தம்: நாங்கள் கேட்டதெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் கேள்வி. போதாததற்கு, ஒரு ஆம்பிளை வெளியே நிற்க ஒரு பொம்பிளை உள்ளே போய்ப் பிள்ளையை உற்றுப் பார்க்கிறா. சம்பந்தம் பார்க்க வந்தவர்களிடம் யார் வருத்தத்தைச் சொல்வார்கள்? கடைக்காரர் எனக்கு மட்டும் தின்னப் பணிஸ் ஒன்றைச் சும்மா வைத்துவிட்டு, காதோடு கேட்டார்: "எல்லா வீட்டயும் பாத்திட்டீங்க, மாப்புள என்ன வேல செய்யிறார் எண்டு இன்னும் செல்லலியே?"

ஆடு

பள்ளிவாசல் தலைவரைப் பிடித்து, நாங்கள் யார் என்று வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் சொல்லவைத்தேன். அதன்பிறகு வருத்தங்கள் வெளியே வந்தன. கலியாணத்துக்குப் பிள்ளை இருக்கும் வீடுகளில் மட்டும் அப்போதும் எல்லாரும் கல்லுப் போலத்தான்.

அதில் ஒன்று சுபைதா ராத்தாவின் வீடு. புருசன் மௌத்தாகிவிட்டார். ஒரே மகள் றஹ்மத்துக்குச் சாய்ந்தமருதில் சம்பந்தம் முற்றாகி, அதே வளவில் அவளுக்கு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. மேசன் கலந்தர் காக்கா சுவரில் நின்று கல் வைத்துக்கொண்டிருந்தார். ராத்தா வாசலில் நின்றபடியே வருத்தம் ஒன்றும் இல்லை என்றா. அதே நேரம் உள்ளேயிருந்து இருமல். சும்மா இருமல் இல்லை. தொடங்கினால் நிற்காத, நெஞ்சைப் பிடித்து உலுக்கும் இருமல். நசீமா என்னைப் பார்த்தா. நான் ராத்தாவைப் பார்த்தேன். மேசனின் கரண்டிச் சத்தமும் நின்றுவிட்டது. ராத்தா வேலிப்பக்கம் கையைக் காட்டினா: "அது பக்கத்து வீட்டு ஆடு, மகன்."

பேரம்

நான் கத்திவிட்டேன். ஆடு தாவணி போட்டுக்கொண்டு அறைக்குள் இருமுமா என்று கேட்டேன். அந்தச் சத்தத்துக்குள் நசீமா உள்ளே புகுந்து பிள்ளையைப் பார்த்துவிட்டு, என்னைப் படலைக்கு வெளியே இழுத்துவந்து, தான் கண்டதையும் கேட்டதையும் சொன்னா: பிள்ளை மெலிந்துபோய், பின்னேரமானால் காய்ச்சல், துப்பிய துணியில் இரத்தம். இப்படியே விட்டால் கலியாணத்துக்கு ஆள் இருக்காது.

மறுநாள் திரும்பப் போய், சந்தையில் உட்காருவது போல முற்றத்தில் உட்கார்ந்தேன். ராத்தா அன்றைக்கு ஆட்டுக் கதையை விட்டுவிட்டா, ஆனால் ஆசுபத்திரி என்றதும் ஏலாது என்று தலையை ஆட்டினா. ஊரில் ஓடுவது ஒரே ஒரு பஸ். கல்முனை நெஞ்சுக் கிளினிக்குக்கு என்று ஏறினால் இறங்கும் முன் சாய்ந்தமருதுக்குச் செய்தி போய்விடும். கடலோரத்துப் பிள்ளை சந்து ஒழுங்கையால் நடந்து போய் மருந்து எடுத்துக்கொண்டு வந்துவிடும். இந்தப் பிள்ளை ஊர் முழுவதும் பார்க்க வருத்தக்காரியாக வேண்டும். வெளிநாட்டில் இருந்து படித்தும் எனக்கு எட்டாத வித்தியாசம் அந்த முற்றத்தில் எட்டியது.

நான் விலை சொன்னேன். கலியாணப் பெண் சீலை எடுக்கக் கல்முனைக்கு எத்தனை தரம் போனாலும் யாரும் கேட்கமாட்டார்கள். ஹாஜியார் கடை முன்வாசலால் நுழைந்து பின்வாசலால் இறங்கினால் ஒழுங்கை. ஒழுங்கை முடியும் இடத்தில் கிளினிக். ஆனால் மருந்து முடிந்து டொக்டர் சொல்லும்வரை நிக்காஹ் கூடாது. அதுவரை மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன சொல்வது என்று ராத்தா கேட்டா. நான் புதுச் சுவரைக் காட்டினேன். வீடு முடியாமல் எந்த மாப்பிள்ளை வந்து குடியேறுவான்? ராத்தா சுவரை அண்ணாந்து பார்த்தா. பிறகு எழும்பிப் போய் மேசனிடம் சொன்னா: "ஓடு புடிக்கல்ல, கலந்தர். கூரைய இப்ப போட வேணா."

ஒரு சீலையும் வாங்காத பிள்ளை

டொக்டர் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்து, சயரோகம்தான், நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார். றஹ்மத் மாதத்துக்கு மாதம் ஹாஜியார் கடைக்குள் நுழைந்தாள், பின்பக்கத்தால் போனாள், வந்தாள். திரும்பும்போது சும்மா போனால் யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று கொஞ்ச நேரம் சீலை விரித்துப் பார்ப்பாள், ஒன்றும் எடுக்கமாட்டாள். விரித்ததையெல்லாம் மடித்து அலுத்த ஹாஜியார் என்னை வழியில் கண்டால் முகத்தைத் திருப்புவார்.

பேராசிரியரிடம் பஸ்ஸையும் பின்வாசலையும் பெயர் ஊர் சொல்லாமல் விளக்கினேன். தூரம் என்பது மைல் மட்டும் இல்லை, பார்க்கும் கண்களும்தான் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரியாகத்தான் சொல்கிறீர். ஆனால் இதை அட்டவணையில் எந்த நிரலில் போடுவது?"

அடுத்த வெள்ளாண்மை வெட்டுக் காலத்தில் டொக்டர் மருந்தை நிறுத்தினார். அன்றைக்குத்தான் றஹ்மத் உண்மையாகவே சீலை எடுத்தாள். கடையில் எந்தச் சீலை எவ்வளவு நாளாக விலைபடாமல் கிடக்கிறது என்று அவளுக்கு மனப்பாடம். பேரத்தில் ஹாஜியார் இறங்கிக்கொண்டே போனார். அவள் போன பிறகு என்னிடம் சொன்னார்: "உன்ட ஆராய்ச்சியால எனக்குக் கெடச்ச லாவம் இதுதான், உன்னப் போல இன்னொண்டு."

கூரை

என் இரண்டு வருடமும் முடிகிற கிழமை, பயணம் சொல்ல அந்த ஊருக்குப் போனேன். சுபைதா ராத்தா பிளேன்டியும் பனங்கட்டியும் தந்து, நாள் குறித்தாயிற்று என்றா. அந்த நேரம் கலந்தர் காக்கா வந்தார். ராத்தா முகத்தை நேராக வைத்துக்கொண்டு, நல்ல ஓடு கிடைத்துவிட்டது, நாளைக்கே கூரையைத் தொடங்கலாம் என்றா. இத்தனை மாதமாக அந்த வளவுப் பக்கம் எட்டியும் பாராத மனிசன், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டினார். வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தார்.

"அப்ப, பக்கத்து வீட்டு ஆட்டுக்கு இருமல் சுகமாயிட்டா, ராத்தா?"

ஆக, ஊரே அறிந்திருந்த ஒன்றை ஊருக்குத் தெரியாமல் காப்பாற்றிக் கொடுத்த ஒரே ஆராய்ச்சிக்காரன் என்ற பெருமையோடு நான் அந்தப் பதவியை விட்டு இறங்கினேன்.